மேலே எந்தப் பக்கம்

தீங்கற்ற கட்டி என்ற சொல்லை 11 ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிவருகிறேன். இடப்பக்கம் தீங்கற்றது, வலப்பக்கம் புற்று, நடுவில் ஒரு கோடு. மெல்ல வளரும், பக்கத்துத் திசுவுக்குள் ஊடுருவாது, வேறு உறுப்புக்குப் பரவாது என்று இடப்பக்கம் வரிசையாக எழுதிப் போடுவேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன் மதுரையில் ஒரு மருத்துவமனையின் மாடிப்படிக்குக் கீழே என் அம்மாவின் ஸ்கேன் அறிக்கையோடு நின்றபோதும் எனக்கு முதலில் கைகொடுத்தது அந்தக் கோடுதான். "கேன்சர் இல்லை அம்மா" என்றேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே அப்பாவுக்கும் அத்தைக்கும் சித்திக்கும் போன் செய்து அதே இரண்டு சொற்களைச் சொன்னேன். எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். சித்தி வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டதாகச் சொல்லி அழுதாள். அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. அம்மாவை நானும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

அம்மா கடலில் பாசி எடுக்கப் போகிறவள். பாம்பன் பக்கம் எங்கள் கரையில் பிறந்த பெண்களுக்கு இந்த வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: சேலைக்கு மேல் ஒரு சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் சுற்றிய துணி, இடுப்பில் ஒரு பை. வேறு எதுவும் கிடையாது. மூச்சை அடக்கி முங்கி, பாரில், அதாவது கடலடிப் பாறைத்திட்டில், ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்துப் பையில் திணித்து மேலே வந்து, மூச்சு வாங்கி, மறுபடி முங்க வேண்டும். மரிக்கொழுந்திலிருந்து அகர் என்ற கூழ்ப்பொருளை எடுப்பார்கள், அதனால் அதற்கு விலை கூடுதல். கட்டக்கோரை என்ற இன்னொரு பாசிக்கு விலை குறைவு. அம்மா 12 வயதில் பாட்டியோடு போகத் தொடங்கி 40 ஆண்டுகள் முங்கியவள். என்னைப் படிக்க வைத்த பணம் முழுவதும் அந்தப் பையில் ஏறிக் கரைக்கு வந்த பணம்.

அதனால்தான் அம்மாவுக்கு இடக்காது மந்தமானபோது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் தெருவில் முங்குகிற பெண்களில் காதைப் பற்றிக் குறை சொல்லாதவர்கள் குறைவு. சீழ் வரும், அடைக்கும், வலிக்கும். மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டு அடுத்த நாள் போய்விடுவார்கள். அம்மாவும் நான்கு ஆண்டுகள் அப்படித்தான் விட்டுக்கொண்டாள். போனை இடக்காதிலிருந்து வலக்காதுக்கு மாற்றிக்கொண்டதை நான் கவனித்திருக்கிறேன். வீட்டுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டால் வாசல் பக்கம் போய் நின்றதையும் பார்த்திருக்கிறேன். "காதுக்குள் யாரோ சங்கை வைத்துவிட்டுப் போனது மாதிரி இரைகிறது, தாயி" என்று ஒருமுறை சொன்னாள். கடலோரத்துப் பெண் வேறு எப்படிச் சொல்வாள் என்று நினைத்து நான் ரசித்தேன். அதை நினைத்தால் இப்போது நெஞ்சு அடைக்கிறது.

ஒரு காது மட்டும்

ராமநாதபுரத்தில் ஒரு காது மருத்துவர் கேட்ட ஒரே கேள்வியில் எல்லாம் மாறியது. "முங்கும்போது இரண்டு காதும்தானே தண்ணீருக்குள் போகிறது? ஒரு காது மட்டும் ஏன் கெட்டது?" நான்கு ஆண்டுகளில் நாங்கள் யாரும் கேட்டுக்கொள்ளாத கேள்வி. பிறகு அம்மாவைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துக் கேட்புச் சோதனை செய்தார்கள். இடக்காதில் ஒலி ஓரளவு கேட்டது, ஆனால் சொற்கள் புரியவில்லை. ஒலி கேட்கும் அளவுக்குச் சொல் புரியாமல் போனால் கோளாறு நரம்பில் இருக்கலாம் என்று சந்தேகிப்பார்கள். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லி மதுரைக்கு அனுப்பினார். கையில் சாயம் ஏற்றி எடுத்த படத்தில் இடக்காதுக்குப் பின்னால், மூளைத்தண்டுக்கும் சிறுமூளைக்கும் அருகிலுள்ள மூலையில், வெள்ளையாக ஒரு உருண்டை தெரிந்தது. 17 மில்லிமீட்டர்.

அதற்கு வெஸ்டிபுலார் ஷ்வானோமா என்று பெயர். அறிக்கையின் கீழே பழைய பெயரையும் எழுதியிருந்தார்கள்: அக்கூஸ்டிக் நியூரோமா. கேட்கும் நரம்பில் வந்த நரம்புக்கட்டி என்பது அதன் பொருள். அந்தப் பெயர் இரண்டு வகையில் தவறு என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். காதிலிருந்து மூளைக்குப் போகும் எட்டாவது நரம்பில் இரண்டு பிரிவுகள் உண்டு. ஒன்று கேட்பதற்கு, மற்றது சமநிலைக்கு. இந்தக் கட்டி பெரும்பாலும் சமநிலைப் பிரிவில்தான் கிளம்புகிறது. அதுவும் நரம்பிழையிலிருந்து அல்ல, இழையைச் சுற்றி உறை போர்த்தும் ஷ்வான் செல்களிலிருந்து. 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய அறிவியலாளர் தியோடோர் ஷ்வானின் பெயரைத்தான் அந்தச் செல்களுக்கு வைத்திருக்கிறார்கள். கேட்கும் நரம்பு பக்கத்து வீட்டுக்காரன் போல நெருக்கப்படுவதால் முதலில் காது மந்தமாகிறது. காது மந்தமானதைத்தான் நோயாளி சொல்கிறார், அதைத்தான் வீட்டிலும் கேட்கிறார்கள். சமநிலை மெதுவாகத் தேய்வதால் மூளை அந்தக் குறையை மற்றப் பக்கத்தைக் கொண்டு ஈடுகட்டிவிடுகிறது. கட்டி பிறந்த இடம் எது என்பதே வெளியில் தெரிவதில்லை. இந்த ஒரு விஷயத்தை அன்றைக்கு நான் உட்கார்ந்து யோசித்திருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது.

அம்மா மருத்துவரிடம் இரண்டு கேள்விகள் கேட்டாள். உப்புத் தண்ணீர் காது வழியாகப் போய் இப்படிக் கட்டியானதா என்பது முதல் கேள்வி. இல்லை, முங்குவதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்றார். இரண்டாவதைக் கேட்கும்போது என்னைக் கையால் காட்டினாள். "இவளுக்கும் வருமா?" பரம்பரையாக வரும் வகை ஒன்று உண்டு, அதில் வழக்கமாக இரண்டு பக்கமும் கட்டி வரும், இளம் வயதிலேயே தொடங்கும், உங்களுக்கு ஒரு பக்கம்தான், இந்த வயதில்தான் என்று பொறுமையாகச் சொன்னார். ஏறத்தாழ இருபதில் பத்தொன்பது பேருக்கு இப்படி ஒரு பக்கம் மட்டுமே, குடும்பத்தில் வேறு யாருக்கும் இல்லாமல் வருகிறது. அதைக் கேட்ட பிறகுதான் அம்மா தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.

உடனே கத்தி வைக்கவில்லை. இந்தக் கட்டிகளில் பல ஆண்டுக்கணக்கில் வளராமலே கிடக்கும் என்பதால் சிறிதாக இருந்தால் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருப்பதும் ஒரு சிகிச்சை முறைதான். ஆறு மாதத்தில் ஒன்று, ஓர் ஆண்டில் ஒன்று. அந்த இரண்டாவது படத்தில் 17 என்பது 22 ஆகியிருந்தது. ஆண்டுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வளர்ந்தால் வழக்கம், இது வேகம் என்றார்கள். இரண்டு வழிகளைச் சொன்னார்கள். ஒன்று, காமா கத்தி: மண்டையைத் திறக்காமல் ஏறத்தாழ 200 மெல்லிய கதிர்களைக் கட்டியின்மேல் ஒரே புள்ளியில் குவிப்பது. ஸ்வீடனில் லார்ஸ் லெக்செல் என்ற மருத்துவர் 1960களில் உருவாக்கிய முறை. அது கட்டியை எடுக்காது, வளரவிடாமல் நிறுத்தும். மற்றது அறுவை சிகிச்சை. அம்மாவுக்கு முதல் வழி மனதுக்கு ஒப்பவில்லை. "உள்ளேயே கிடக்கும் என்றால் எனக்கு எதற்கு? எடுத்துவிடட்டும்" என்றாள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தது. நாள் குறித்தார்கள்.

பஞ்சுத் துண்டு

அறுவை சிகிச்சைக்கு முந்தைய வாரம் நடந்த ஒரு சோதனையை இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும். அம்மாவைத் தரையில் கால்களைச் சேர்த்து நிற்கச் சொன்னார் ஓர் இளம் மருத்துவர். நின்றாள். கண்ணை மூடச் சொன்னார். லேசாக ஆடினாள், ஆனாலும் நின்றாள். பிறகு தடிமனான பஞ்சு மெத்தைத் துண்டு ஒன்றைத் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நிற்கச் சொன்னார். கண் திறந்திருந்தவரை நின்றாள். கண்ணை மூடிய மறு கணம் இடப்பக்கமாக மரம் போலச் சாய்ந்தாள். இருவர் தயாராக நின்றதால் பிடித்துக்கொண்டார்கள். அம்மா வெட்கப்பட்டாள். நான் ஆறுதலாக, "மெத்தையில் கண்ணை மூடி யார் நிற்பார்கள் அம்மா?" என்றேன். மருத்துவர் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். உயிரியல் சொல்லிக்கொடுக்கிற நான், உள்காதின் அரைவட்டக் குழல்களைப் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொல்கிற நான், அது எதைச் சோதிக்கிறது என்று கேட்கவில்லை. கேன்சர் இல்லையே, அப்புறம் என்ன என்பதுதான் அப்போது என் மனதில் ஓடியது.

ஒன்பது மணி நேரம் ஆனது. இடக்காதுக்குப் பின்னால் திறந்து எடுத்தார்கள். எட்டாவது நரம்போடு ஒட்டிக்கொண்டே ஏழாவது நரம்பும் போகிறது. முகத்தை அசைப்பது அது. கட்டி வளரும்போது அந்த நரம்பைப் பட்டையாக அழுத்தித் தன்மேல் பரத்திக்கொள்கிறது. அதைப் பிரித்தெடுப்பதில்தான் நேரம் முழுவதும் போகிறது. கடைசியில் முகநரம்போடு பிரிக்க முடியாதபடி ஒட்டியிருந்த ஒரு சிறு பகுதியை வேண்டுமென்றே விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அதையும் சுரண்டியிருந்தால் முகம் ஒரு பக்கம் நிரந்தரமாகத் தொங்கிப்போயிருக்கலாம். அது சரியான முடிவு என்று நான் முழுமனதாக நம்புகிறேன். ஆனால் "எடுத்தாயிற்று" என்றுதான் ஊரில் சொன்னோம். உள்ளே கிடக்கக் கூடாது என்பதற்காகவே அறுவை சிகிச்சைக்குச் சம்மதித்த அம்மாவிடம் மிச்சத்தைப் பற்றி நான் சொல்ல ஆறு வாரங்கள் ஆயின. அவள் கோபப்படவில்லை. "எவ்வளவு?" என்று மட்டும் கேட்டாள். சுண்டுவிரல் நகத்தில் பாதியைக் காட்டினேன்.

இடக்காது முற்றிலும் போனது. முகத்தின் இடப்பக்கம் சில மாதங்கள் அசையவில்லை. கண் மூடாததால் நாளுக்கு ஐந்தாறு முறை சொட்டு மருந்து, இரவில் இமையை இழுத்து ஒட்டிவைக்கும் பட்டை. சோறு ஒரு பக்கமாக வழியும் என்பதால் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் தட்டு முன் உட்கார்ந்தாள். கோயிலுக்கு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு போனாள். மெதுவாக அது பெரும்பாலும் திரும்பிவிட்டது, சிரித்தால் மட்டும் இன்றும் இடப்பக்கம் கொஞ்சம் பின்தங்கி வரும். தள்ளாட்டத்துக்குப் பயிற்சிகள் கொடுத்தார்கள். கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டே தலையை இடமும் வலமும் திருப்புவது, ஒரு காலுக்கு முன் ஒரு காலாக வைத்து நடப்பது. அம்மா ஒரு நாள் விடாமல் செய்தாள். பாம்பன் பாலத்தில் பஸ் போகும்போது கம்பியைப் பிடிக்காமல் நின்று காட்டினாள். தேறிவிட்டாள் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

கலங்கல்

அறுவை சிகிச்சை முடிந்து ஒன்பதாவது மாதம். கச்சான் காற்று அடங்கியும் தென்கடல் தெளிந்திருக்கவில்லை. அம்மா என்னிடம் சொல்லாமல் வத்தை என்கிற சிறு படகில் ஏறிவிட்டாள். பக்கத்து வீட்டு மதினி சொல்லித்தான் எனக்குத் தெரியும், அதுவும் இரண்டு நாள் கழித்து.

தண்ணீர் தலைக்கு மேல் ஒரு முழம்கூட இல்லை என்றாள் மதினி. அம்மா முங்கினாள். பாசியில் கை வைத்தபோது கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. 40 ஆண்டுகளில் ஆயிரம் முறை நடந்திருக்கும் சின்ன விஷயம், கண்ணை மூடிக்கொண்டு மேலே வந்துவிட வேண்டியதுதான். அம்மாவும் கண்ணை மூடிக்கொண்டு மேலே வரத்தான் பார்த்தாள். கையால் தண்ணீரைத் தள்ளிப் போனாள். தலை பாறையில் இடித்தது. மேலே பாறை எப்படி வந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை. திரும்பி வேறு பக்கம் போனாள். அங்கேயும் கையில் பாறைதான் பட்டது. மதினி தற்செயலாகத் திரும்பிப் பார்த்தபோது அம்மாவின் கால் மட்டும் தண்ணீருக்கு வெளியே உதைத்துக்கொண்டிருந்தது. சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டாள்.

நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் காயம். கோபமாகப் பேச வந்தேன். அதற்குள் அவள் சொன்னாள்: "தாயி, மேலே எந்தப் பக்கம் என்று தெரியவில்லை." மூச்சு முட்டியதாகவோ பயந்ததாகவோ சொல்லவில்லை. இவ்வளவு காலம் கேட்காமலே தெரிந்திருந்த ஒன்றை யாரோ தூக்கிக்கொண்டு போய்விட்டதாக ஒரு குரல். எனக்கு அந்தப் பஞ்சுத் துண்டு கண்முன் வந்தது.

நம் உடல் நிமிர்ந்து நிற்பது மூன்று சேதிகளை வைத்து. கண் பார்ப்பது ஒன்று. பாதமும் மூட்டும் தரையை உணர்வது இன்னொன்று. உள்காது சொல்வது மூன்றாவது. மெத்தைமேல் ஏற்றினால் பாதத்தின் சேதி கலங்குகிறது, கண்ணை மூடினால் கண்ணின் சேதி போகிறது. மிஞ்சுவது காது ஒன்றுதான், அதைத்தான் அன்றைக்குச் சோதித்தார்கள். கடலும் அந்த மெத்தைதான். தண்ணீர் உடலைத் தாங்கிக்கொள்வதால் காலுக்குத் தரை இல்லை. கலங்கலில் கண் இல்லை. அறுவை சிகிச்சையில் கட்டியோடு அந்தப் பக்கச் சமநிலை நரம்பும் போய்விடுகிறது. நிலத்தில் மற்ற இரண்டும் கைகொடுப்பதால் பயிற்சியில் தேறிவிடலாம், பஸ்ஸில் நின்று காட்டலாம். தண்ணீருக்குள் அந்தத் தேர்ச்சி போதவில்லை. மறுமுறை போனபோது மருத்துவரிடம் சொன்னேன். அதிர்ந்துபோனார். இந்த நோயாளிகள் தனியாகவோ இருட்டிலோ கலங்கல் தண்ணீரிலோ முங்கக் கூடாது என்பது தெரிந்த எச்சரிக்கைதான். அம்மாவின் தாளில் தொழில் என்ற இடத்தில் "இல்லத்தரசி" என்று இருந்தது. அதை நிரப்பிக் கொடுத்தவள் நான்.

அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் கத்தாளை மீன்தான் உதவியது. அதன் தலையை உடைத்தால் உள்ளே வெள்ளையாக இரண்டு கல் இருக்கும், சின்ன வயதில் அதை எடுத்து வைத்துதான் நாங்கள் விளையாடுவோம். மீனுக்கு மேல் கீழ் தெரிவது அந்தக் கல்லால்தான் என்றேன். நமக்கும் காதுக்குள் அப்படிப் பொடிப்பொடியாகக் கற்கள் உண்டு, சங்கும் சிப்பியும் எந்தச் சுண்ணாம்பால் ஆனதோ அதே சுண்ணாம்பு. தலை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் அவை இழுக்கும். அம்மா கவனமாகக் கேட்டாள். "எனக்கு இந்தப் பக்கத்துக் கல்லை எடுத்துவிட்டார்களா?" என்றாள். "கல் அங்கேயேதான் இருக்கிறது அம்மா. அது சொல்வதை மூளைக்குக் கொண்டுபோகிற கம்பிதான் இல்லை" என்றேன். இடக்காதுக்குப் பின்னால் தழும்பைத் தடவிக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அந்தப் படத்தை முதல் ஸ்கேன் அன்றே அவளுக்கு வரைந்து காட்டியிருக்க வேண்டும்.

கடலுக்குப் போகாதே என்று என்னால் சொல்ல முடியவில்லை. சொன்னாலும் கேட்டிருக்க மாட்டாள். பெண்களே பேசி ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். தண்ணீர் தெளிந்த நாளில் மட்டும், கழுத்தளவுக்கு மேல் போகாமல், இடுப்பில் ஒரு கயிறு, அதன் மறுமுனை மதினி கையில். கண்ணாடிக்குள் தண்ணீர் வந்தால் அசையக் கூடாது, கொஞ்சம் மூச்சை விட வேண்டும், குமிழி கன்னத்தில் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதுதான் மேல். இதை அம்மாவே கண்டுபிடித்தாள். வத்தையில் இடப்பக்க ஓரத்தில் உட்காருகிறாள், எல்லோரும் அவளுடைய நல்ல காதின் பக்கம் இருப்பதற்காக. ஒரு காதால் சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பிரிக்க முடியாது. தண்ணீரிலிருந்து தலை தூக்கும்போது எஞ்சின் படகு எந்தப் பக்கம் வருகிறது என்று மதினிதான் கையைக் காட்டுகிறாள். வருமானம் பாதிக்குக் கீழே போய்விட்டது. இரைச்சல் நிற்கவில்லை, இரவில் கூடுதலாக இருக்கிறது என்கிறாள். மிச்சமுள்ள பகுதி சென்ற ஆண்டு ஸ்கேனில் வளரவில்லை. அடுத்தது தை மாதம்.

வகுப்பில் அந்தப் பாடம் இந்த ஆண்டும் வந்தது. தேர்வுக்கு வேண்டியதை எழுதிப் போட்டேன். நடுவில் கோடு போட்ட பிறகு, இடப்பக்கம் உள்ள கட்டி உடம்பில் எங்கே இருக்கிறது, அந்த உடம்பு என்ன வேலை செய்கிறது என்று கேட்காமல் தீங்கற்றது என்று சொல்லிவிடாதீர்கள் என்றேன். கடற்கரை ஊர்ப் பிள்ளை ஒருத்தி கையைத் தூக்கி, "டீச்சர், அது தேர்வில் வருமா?" என்று கேட்டாள். வராது என்றேன். இருந்தாலும் எழுதிக்கொண்டாள்.

போன வாரம் சித்தி வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கரை வழியாக நடந்து வந்தோம். அமாவாசை இருட்டு, காலடியில் புதைகிற மணல். அம்மா ஒன்றும் சொல்லாமல் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அவளுடைய வலப்பக்கம் மாறி நடந்தேன். மதினியின் பேத்திக்குப் பெயர் வைத்ததைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். ஐஸ் கம்பெனி விளக்கின் வெளிச்சம் மணலில் விழத் தொடங்கும் இடம் வந்ததும் கையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.